2038-ல் கடிகாரம் ஏன் 1901-க்குத் தாவும்? எல்லாம் இந்த ஒரு எண்ணால்தான்!

2,14,74,83,647. நம்ம கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 2-ஐ 31 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் ஓர் எண்ணைச் சேமிக்க 32 பிட் ஒதுக்குவது நீண்டநாள் வழக்கம். அதில் ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸா என்று சொல்லப் போய்விடும். மீதி 31 பிட்டிலும் ‘1’ நிரம்பினால் வருவது இந்த எண். இதற்கு மேல் இடம் கிடையாது. ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டு 2014-ல் இந்த எல்லையை நெருங்கியபோது, யூடியூப் தன் வியூஸ் கவுன்ட்டரையே 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

வியூஸ் விஷயம் ஜாலிதான். நேரம் அப்படி இல்ல. யுனிக்ஸ் வழிவந்த சிஸ்டங்கள் 1970 ஜனவரி 1-லிருந்து ஒவ்வொரு விநாடியாக எண்ணிக்கொண்டே வருகின்றன. 32 பிட்டில் எண்ணுபவை, இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு உச்சத்தைத் தொடும். பைக் மீட்டர் 99999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதைவிட இது மோசம். அடுத்த விநாடியில் மைனஸ் பிட் விழுந்து, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

இதுக்கு 2038 வரை காத்திருக்கவும் தேவையில்லை. இன்று போடும் 20 வருட வீட்டுக்கடனின் கடைசித் தவணை அந்தத் தேதியைத் தாண்டித்தானே வருது? பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள் இப்பவே திணறும். உங்க கையில் இருக்கும் புது போன் 64 பிட், பயம் வேண்டாம். ஒருமுறை மாட்டிவிட்டு யாரும் அப்டேட் செய்யாத கருவிகள்தான் சிக்கல்.

ஆய்லர் போட்ட கணக்கு

இந்த எண்ணுக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. இது பகா எண். 1772-ல் இதை நிரூபித்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். பார்வையை ஏறக்குறைய இழந்திருந்த காலம் அது. நேரடியாகச் சோதிக்க, 46,340 வரையுள்ள நாலாயிரத்துக்கும் அதிகமான பகா எண்களால் வகுத்துப் பார்க்கணும். ஆய்லர் குறுக்குவழி கண்டார்: இதற்கு வகுஎண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரும். வேலை நூறுக்கும் குறைவான வகுத்தல்களாகச் சுருங்கிவிட்டது.

இதிலிருந்து ஒரு ‘செவ்விய எண்’ணும் கிடைக்கும். 6-ன் வகுஎண்கள் 1, 2, 3-ஐக் கூட்டினால் திரும்ப 6 வருதில்லையா, அந்த வகை. இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை யாரும் தேடப் போவதில்லை, இவை வெறும் வேடிக்கை, பயனற்றவை என்று 1811-ல் எழுதினார் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ. பாவம் மனுஷன்!

கம்ப்யூட்டர் எல்லையும் பகா எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். 64 பிட்டுக்கு மாறிவிட்டால் கடிகாரம் சுமார் 29,200 கோடி ஆண்டுகள் ஓடும். அந்தப் புது எல்லை பகா எண் இல்லை. ஏழால் மீதியின்றி வகுபடும்.