மச்சான் படகில் ஒரு காந்தம்: மைலேஜ் கருவிகள் உண்மையிலேயே வேலை செய்யுமா?

போன வருஷம் லீவுக்கு திருப்பாலைக்குடி போயிருந்தப்ப அக்கா வீட்டு மச்சான் படகுல ஒரு புதுச் சாமானைப் பார்த்தேன். டீசல் ஹோஸைக் கவ்வினபடி இரண்டு கறுப்புக் கட்டிகள், மேலே மினுமினுன்னு ஒரு ஸ்டிக்கர். கேட்டா, "காந்தம் மாப்ள. டீசலை உடைச்சு உடைச்சு அனுப்புதாம். இருபது பர்சன்ட் மிச்சம்" என்றார். விலை 4,500 ரூபாய். "நெசமாவே கம்மியாத்தான் குடிக்குது" என்று சத்தியம் பண்ணாத குறை.

மச்சான் பொய் சொல்ற ஆள் இல்லை. பக்கத்துப் படகுக்காரங்களும் அவரைப் பார்த்து வாங்க யோசிச்சிட்டு இருந்தாங்க. "நீ இன்ஜினியருக்குத்தானே படிச்ச, சொல்லு" என்றார்கள். நான் படிச்சது பி.இ.; வேலை சாஃப்ட்வேர்; இன்ஜினைக் கழற்றி மாட்டியதில்லை. ஆனால் அளந்து பார்க்கத் தெரியும். அதுக்காகப் படித்ததும் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதல் கேள்வி: மிச்சம் எங்கிருந்து வரணும்?

இன்ஜினில் 100 ரூபாய்க்கு டீசல் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஓடுகிற இன்ஜினில் 98 ரூபாய்க்கு மேல் முழுசாக எரிந்துவிடுகிறது. எரியாமல் புகையில் போவது 2 ரூபாய்க்கும் கீழே. ஆனால் எரிந்த 98 ரூபாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தண்டைச் (ஷாஃப்ட்) சுற்றுகிறது. மீதியெல்லாம் சைலன்சர் வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் சூடாக வெளியே போய்விடுகிறது.

இப்போது கடைக்காரர் சொல்வதைக் கவனியுங்கள்: "டீசல் நல்லா எரியும், அதனால் 20% மிச்சம்." நல்லா எரிய வைப்பதால் கிடைக்கக்கூடியது அந்த 2 ரூபாய் மட்டும்தான். எரியும் வேகத்தை மாற்றினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம். அதுக்கு டீசலின் ரசாயனமே மாற வேண்டும். காந்தம் அதைச் செய்யாது. எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கிறோமே, அந்தக் காந்தம் பொதுவாக 1.5 டெஸ்லா. ஹோஸில் மாட்டுகிற கட்டியைவிட எவ்வளவோ பலம். நம் உடம்புக் கொழுப்பிலும் டீசல் மாதிரியே நீளநீளமான கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலிகள்தான் இருக்கு. உள்ளே போன கொழுப்பு வெளியே வரும்போதும் அதே கொழுப்பாகத்தான் வருகிறது.

தண்ணீரில் ஓடும் வண்டி

அடுத்த பிரபலம் "ஹெச்ஹெச்ஓ கிட்". பேட்டரி கரன்டை வைத்து தண்ணீரைப் பிரித்து, வருகிற ஹைட்ரஜனை இன்ஜினுக்குள் விடுவது. கணக்கைப் போடுவோம். பைக்கில் 60 வாட் கரன்ட் ஒரு மணி நேரம் எடுத்தால் 0.216 மெகாஜூல். அந்தக் கரன்டைத் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் பாதி சக்தி வீணாகிறது. அதைச் சுற்றும் இன்ஜின், பெட்ரோல் சக்தியில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றுகிறது. ஆகவே செலவான பெட்ரோல் சுமார் 1.7 மெகாஜூல், அதாவது 50 மில்லிக்கு மேல். திரும்பக் கிடைக்கும் ஹைட்ரஜனில் இருப்பதோ 0.12 மெகாஜூல் சொச்சம். 100 ரூபாய் கொடுத்து 7 ரூபாய் வாங்குகிற வியாபாரம்.

தண்ணீர் என்றதும் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். 1996-ல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ராஜபாளையம் பக்கத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை மூலிகையைப் போட்டுத் தண்ணீரைப் பெட்ரோல் ஆக்குகிறார் என்று தமிழ்நாடே பேசியது. எங்க வகுப்பில் சந்தேகப்பட்டவனைத் தமிழ்த் துரோகி மாதிரி பார்த்தோம். விஞ்ஞானிகள் முன்னால் சோதனை நடந்தது. கலக்குகிற குச்சியின் உள்ளே எரிபொருளை வைத்து மெழுகால் அடைத்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. பிறகும் "மூலிகை எரிபொருள்" விற்பனைக்கு வந்தது. அந்த வழக்கில் 2016-ல் சென்னை சிபிஐ நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

ஏமாந்தவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை. பெட்ரோல் விலை தலைக்கு மேல் போகிறபோது நம்ப வேண்டும் என்கிற ஆசை யாருக்கும் வரும். பணக்கார நாட்டிலும் அதே கதைதான். அதே 1996-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், ஆயிலில் கலக்கும் 'ஸ்லிக் 50' என்ற சரக்கின் விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று நடவடிக்கை எடுத்தது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை நூற்றுக்கும் மேற்பட்ட "மைலேஜ் கருவிகளை" ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டுகிற ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அப்போ எந்த அடிட்டிவ்வும் வேலை செய்யாதா?

அப்படியும் சொல்ல முடியாது. பாலிஈதர்அமீன் வகை கிளீனர்கள் பெட்ரோல் இன்ஜெக்டரில் படியும் கசடை உண்மையிலேயே கரைக்கும். ஆனால் அழுக்கான இன்ஜினைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமே தவிர, சுத்தமான இன்ஜினுக்கு எதுவும் கூட்டித் தராது. ஆக்டேன் பூஸ்டர், இன்ஜின் 'நாக்' அடித்தால் மட்டும் பயன்படும். நாக் அடிக்காத வண்டிக்கு வீண் செலவு. வரலாற்றில் பெரிய வெற்றி பெற்ற அடிட்டிவ் ஈயம். 1921-ல் கண்டுபிடித்தார்கள், உலகம் முழுக்கக் கலந்தார்கள், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று தெரிந்து விலக்கினார்கள். இந்தியாவில் 2000-ல் ஈயப் பெட்ரோல் நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, உண்மையாக வேலை செய்ததைச் சுத்திகரிப்பு ஆலையே கலந்துவிட்டது. "எண்ணெய்க் கம்பெனிகள் மறைக்கிறாங்க" என்பார்கள். சரி, வண்டிக் கம்பெனிகள்? ஒரு கிலோமீட்டர் மைலேஜ் கூடினால் அதை விளம்பரத்தில் போட்டு விற்கிறவர்கள். 4,500 ரூபாய் காந்தம் 20% தரும் என்றால் ஃபாக்டரியிலேயே மாட்டி அனுப்பியிருக்க மாட்டார்களா?

மச்சானின் மிச்சம்

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மச்சானுக்கு டீசல் குறைந்தது உண்மை. ஏன்?

பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள்: "காந்தம் மாட்டுன வாரம்தானே படகைக் கரையேத்தி அடிப்பாகத்தைச் சுரண்டுனீங்க?" பாசியும் சிப்பியும் ஒட்டின அடிப்பாகம் தண்ணீரில் இழுவையைக் கூட்டும். அதைச் சுரண்டினால் டீசல் குறையத்தான் செய்யும். பேர் மட்டும் காந்தத்துக்குப் போய்விட்டது.

மச்சான் ஒத்துக்கலை. அதனால் ஒரு சோதனை வைத்தோம். தினமும் விடியற்காலையில் அக்கா மகன் காசு சுண்டிப் பார்ப்பான். தலை விழுந்தால் காந்தத்தை மாட்டுவான். பூ விழுந்தால் கழற்றிவிடுவான். எதுவானாலும் மேலே சாக்கைச் சுற்றிவிடுவான். மச்சானுக்குச் சொல்லக் கூடாது. திரும்பி வந்ததும் ஓடின மணி நேரம், ஊற்றின டீசல், "இன்னிக்குக் காந்தம் இருந்துச்சா" என்ற அவருடைய யூகம், மூன்றையும் நோட்டில் எழுதணும். நான் சென்னை திரும்பின பிறகு பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

இருபது நாள். காந்தம் இருந்த நாளுக்கும் இல்லாத நாளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காற்று எதிர்த்த நாளுக்கும் அமைதியான நாளுக்கும் இருந்த வித்தியாசம் அதைவிடப் பெரிசு. மச்சானின் யூகம் 20-க்கு 11 சரி. காசு சுண்டினாலும் அவ்வளவுதான் வரும்.

இருபது நாள் சின்ன சோதனைதான். 1% வித்தியாசத்தை அது பிடிக்காது. ஆனால் 20% இருந்திருந்தால் ஒளிய முடியாது.

காசு செலவில்லாத மிச்சம்

படகுக்கு வேண்டிய சக்தி, சுமாராக வேகத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும். வேகத்தை 10% குறைத்தால் சக்தி 27% குறையும். பயண நேரம் கொஞ்சம் கூடுவதையும் கணக்கில் எடுத்தால், அதே தூரத்துக்கு டீசல் 19% வரை மிச்சம். ஸ்டிக்கர் சொன்ன இருபதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்! அடிப்பாகச் சுத்தம், கரும்புகை வந்தால் நாசில் சர்வீஸ், அடிபடாத புரொப்பெல்லர், இவை அடுத்து. ரோட்டு வண்டிக்கு: டயர் காற்று, காலாகால சர்வீஸ், நிதானமான ஆக்சிலரேட்டர்.

இனி யாராவது கருவியோடு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். மிச்சம் எங்கிருந்து வருகிறது? மாட்டின அதே நேரத்தில் வேறு என்ன மாற்றினோம்? மாட்டியிருப்பது தெரியாமல் ஓட்டினாலும் குறைகிறதா?

பக்கத்துப் படகுக்காரர்கள் யாரும் வாங்கவில்லை. "கரையிலேர்ந்து போறப்ப முறுக்காமப் போறேன் மாப்ள, அது நெசமாக் கேக்குது" என்று போன வாரம் மச்சான் போனில் சொன்னார். நோட்டில் எழுதுகிறீர்களா என்றேன். எழுதுகிறாராம்.