பறப்புப் பயிற்சிப் பொறியும் மலைநாட்டு வானமும்

திம்புள்ளப் பகுதியின் தேயிலை மலைகளைக் கண்டவர்கள், ஒரு நாழிகைக்குள் அங்கே வானம் தன் முகத்தை மாற்றிக்கொள்வதையும் கண்டிருப்பர். வெயிலில் பளிச்சிட்டுக்கொண்டிருந்த எதிர்மலை, பார்த்திருக்கும்போதே மூடுபனிக்குள் மறைந்துவிடும். தரையில் நிற்பவர்க்கு அஃது ஓர் அழகிய காட்சி. விமானம் செலுத்துவோர்க்கோ அது சோதனை. கண் காணாதவிடத்து எதனை நம்பிச் செல்வது? இவ்வினாவுக்கு விடை கற்பிக்க அமைந்ததே பிளைட் சிமுலேட்டர் எனப்படும் பறப்புப் பயிற்சிப் பொறி. முன்னாளில் விமானப் பள்ளிகளில் மட்டுமே இருந்த இப்பொறியை இன்று ஒரு கணினியின் துணைகொண்டு வீட்டு மேசையிலேயே அமைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால், எதனை முதலில் அமைப்பது, எதனைப் பின்னர் சேர்ப்பது என்பதில் பலருக்கும் தெளிவு இருப்பதில்லை.

இதற்குப் பழைய வரலாறே நல்ல வழிகாட்டி. அமெரிக்காவில் பிங்காம்டன் நகரில் ஆர்கன் என்னும் இசைக்கருவிகளைச் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் எட்வின் லிங்க். அவ்விசைக்கருவிக்கு உரிய துருத்திகளையே பயன்படுத்தி, தரையில் நின்றபடியே சாயவும் திரும்பவும் வல்ல ஒரு சிறு விமானக் கூண்டை அவர் 1929ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும் பணியை மேற்கொண்டபோது, சீரற்ற வானிலையில் பலர் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கிடம் ஆறு பொறிகளை வாங்கிற்று. அக்கூண்டின் மூடியை இழுத்துவிட்டால் வெளியுலகம் ஒரு சிறிதும் தெரியாது. கையில் இயக்குகோல், காலில் மிதிகள், கண்முன் கருவிகள், இவ்வளவே. வெளிக்காட்சி இல்லாமலே இலட்சக்கணக்கானோர் இதில் பயின்றனர்.

வீட்டில் அமைப்போரும் இவ்வரிசையையே பின்பற்றலாம். முதலாவது, இயக்கும் உறுப்புகள். ஜாய்ஸ்டிக் எனப்படும் இயக்குகோலைப் பின்னே இழுத்தால் விமானத்தின் மூக்கு உயரும். முன்னே தள்ளினால் தாழும். பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கைகள் சாயும். பின்சுக்கானை அசைப்பவை கால்மிதிகள். மிதிகள் வாங்க வசதியில்லாதவர்கள், கைப்பிடியைத் திருகினால் அதே பணியைச் செய்யும் இயக்குகோலைத் தெரிந்துகொள்வது போதுமானது. விசையைக் கூட்டவும் குறைக்கவும் தனி நெம்புகோல் ஒன்று வேண்டும். இயக்குகோலை மேசையோடு இறுகப் பிணைத்தல் இன்றியமையாதது; அசையும் கோலைக் கொண்டு நுட்பமாகச் செலுத்துதல் இயலாது. மிதிகளைச் சுவரோடு அணைத்து வைத்தல் நலம். நாற்காலியின் கால்களில் சில்லுகள் இருப்பின், மிதியை அழுத்தும்தோறும் நாற்காலி பின்னோக்கி ஓடும், அவற்றைக் கழற்றிவிடலாம்.

அடுத்தது, அளவு சரிசெய்தல். கோல் நடுவில் நிற்கும்போது கணினியும் அதனை நடுவெனவே உணர வேண்டும். உரசி இயங்கும் மின்தடைகளைக் கொண்ட கோல்களில் தேய்வினாலும் தூசியினாலும் நாளடைவில் நடுக்கம் தோன்றும். காந்தத்தால் உணரும் கோல்களில் உரசும் பகுதி இல்லாமையால் அக்குறை குறைவு. நடுக்கம் இருப்பின், நடுவில் ஒரு சிறு இடைவெளியைச் செயலற்றதாக அமைக்கும் வசதி மென்பொருளில் உண்டு. அதனைத் தேவைக்கு மேல் அகலமாக்கினால் சிறு திருத்தங்கள் விமானத்தை எட்டா.

இனி, திரைகள். ஒரே திரையில் வெளிக்காட்சியும் கருவிகளும் நெருங்கி நின்றால் இரண்டும் செவ்வையாகத் தெரிவதில்லை. இரண்டாவது திரை வாங்க நினைப்போர் பெரும்பாலும் வெளிக்காட்சியை அகலப்படுத்தவே விரும்புவர். 60 சென்டிமீற்றர் அகலமுள்ள திரையை 60 சென்டிமீற்றர் தொலைவில் வைத்தால் சுமார் 53 பாகை அளவே தெரியும். அத்தகைய மூன்று திரைகளை வளைத்து நிறுத்தினால் ஏறத்தாழ 159 பாகை தெரியும். இது கண்ணுக்கு விருந்தே. எனினும் காட்சி அகல அகலக் கணினியின் சுமையும் மிகும். படம் தடுமாறத் தொடங்கும். ஆதலின், இரண்டாவது திரையைக் கருவிகளுக்கு ஒதுக்குவதே முறை. செயற்கை அடிவானம், உயரமானி, வேகமானி, ஏற்ற இறக்கமானி, திசைகாட்டி, திருப்பமானி ஆகிய ஆறும் அதில் எப்போதும் தெரிய வேண்டும். கருவிப் படத்தைத் தனிச் சாளரமாகப் பிரித்து வேறு திரைக்கு நகர்த்தும் வசதி இக்கால மென்பொருள்களில் உண்டு. மூன்றாவது திரை வரைபடத்துக்கும், விமான நிலையத்திலிருந்து உள்ள தூரத்துக்கும் உரியது. அதற்கு ஒரு பழைய கணினியோ கைக்கணினியோ போதும்.

இவ்வரிசை வெறும் சிக்கனம் கருதியது அன்று. அதன் காரணத்தைத் திம்புள்ள மலைகளே சொல்லும். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து 182 ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு மார்ட்டினேர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம் ஒன்று கட்டுநாயக்கவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பணியாளர் ஒன்பதின்மர். 2,000 அடி வரை இறங்க அதற்கு அனுமதி கிடைத்திருந்தது. கடற்கரை ஓரத்து நிலையத்தருகே அவ்வுயரம் தீங்கற்றது. ஆனால் விமானமோ நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 40 கடல்மைல் தொலைவில், மலைநாட்டின் மேல் இருந்தது. நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே, சப்த கன்னியர் மலையில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் அது மோதியது. 191 பேரும் மாண்டனர். விமானிகள் தங்கள் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணை முடிவு செய்தது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தது தவறான பொருள் கொள்ள இடமளித்தது என்றும் அது கருதியது. டொப்ளர் கருவி கடந்த தூரத்தைக் கணித்து இடத்தைக் கூறுவது; நெடும்பயணத்தில் அதன் சிறு பிழைகள் ஒன்று சேர்ந்து பெரிதாகும்.

அதற்கு மூன்று நாள் முன்னர், டிசம்பர் 1ஆம் நாள், வாஷிங்டன் அருகேயும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதன் பின்னர், நிலம் நெருங்குவதை ஒலியால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் பொருத்த வேண்டும் என அமெரிக்க அரசு கட்டளையிட்டது. 1990களில் உலக நிலப்பரப்பின் உயரங்களைத் தன்னுள் கொண்ட மேம்பட்ட கருவி வந்தது. விமானத்தினும் மிக உயர்ந்த நிலத்தை அது திரையில் செந்நிறமாகக் காட்டும். வீட்டுப் பயிற்சிப் பொறிகளிலும் இத்திரை பல விமானங்களில் கிடைக்கிறது.

பயிற்சி செய்வோர் இரவையும் முகிலையும் தெரிந்துகொண்டு, கிழக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரலாம். மலைநாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 8,281 அடி. மலைப்பகுதிகளில் நிலத்துக்கு மேல் 2,000 அடி இடைவெளி விடுவது மரபு. ஆகவே மலைகளைக் கடந்துவிட்டோம் என்பது உறுதியாகும் வரை 10,300 அடிக்குக் கீழே இறங்குதல் ஆகாது. அவ்வுறுதியும் ஒரு கருவியின் சொல்லால் மட்டும் வருவதன்று. தூரம் காட்டும் கருவி ஒன்றைச் சொல்ல, வரைபடமும் அதையே சொல்ல, நிலைய வானொலிச் சமிக்ஞையும் அதற்கு ஒத்துவர வேண்டும். மூன்றில் ஒன்று முரண்படினும் உயரத்தைக் காத்து, ஐயம் தீர்ந்த பின்னரே இறங்குதல் வேண்டும்.

திரைகள் எத்தனை என்பதில் இப்பொறியின் பெருமை இல்லை. ஒரு திரை சொல்வதை மற்றொரு திரையிடம் கேட்டுத் தெளியும் பழக்கத்தை அது தருமாயின், வீட்டு மேசையில் கழிந்த பொழுது வீண்பொழுது ஆகாது.