கை கொடுப்பவர் ஏன் தேறுகிறார்?

1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு விடுதி. குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் அங்கே தனியே நின்றார். வந்த வியாபாரம் கைகூடவில்லை. மதுக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. அவரோ தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களுக்கு அழைத்து, தன்னைப் போலக் குடியில் அகப்பட்ட ஒருவரைக் காட்டித்தரும்படி கேட்டார். பொப் ஸ்மித் என்ற மருத்துவர் கிடைத்தார். இருவரும் பேசிப் பேசியே குடியிலிருந்து மீண்டார்கள். பெயர் சொல்லாத குடிநோயாளர் சங்கம் இப்படித்தான் பிறந்தது.

வில்சன் அழைத்தது தன்னைக் காத்துக்கொள்ளத்தான் என்பதுதான் இதில் பெரிய வியப்பு. உதவுகிறவருக்கே உதவி போய்ச் சேரும் இந்த விந்தையை 1965இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதினார். மற்றவருக்கு வழி சொல்லும்போது அந்த வழி நம் மனத்திலும் பதிகிறது. நானும் ஒருவருக்கு வேண்டியவள் என்ற உணர்வு திரும்புகிறது.

குடிநோய்க்கு மட்டுமா இது? மனநோயால் துன்பப்பட்ட சிலர் சிட்னியில் அந்தச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய்வந்தார்கள். அதே முறையைத் தங்கள் நோய்க்கு ஏற்ப மாற்றி, 1957இல் 'குரோ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கொன் கியோ என்ற கத்தோலிக்கக் குரு.

இந்தக் கதைகளை வாசிக்கும்போது எனக்கு யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவுதான் நினைவில் நிற்கிறது. 1991இல் இலங்கைப் படையினர் அப்பகுதித் தீவுகளைக் கைப்பற்றியபோது சனம் இடம்பெயர்ந்தது. பலர் சுவிஸ், பிரான்ஸ், கனடா என்று போய்விட்டார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் மட்டும் ஊரில். குடியை விட்டவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய வேளைகளாகப் பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கைச் சொல்வார்கள். தனியே இருக்கும் தாயிடம் இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். 'ஒருத்திக்கு என்ன சமையல்?' என்று அடுப்பை மூட்டாமல் விடுகிறாள். பசியில் நித்திரை கெடுகிறது, விடிந்தால் களைப்பு, தொலைபேசி அடித்தாலும் எடுக்க மனமில்லை. அடுப்பு மூட்டாத நாளை முதல் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அன்றே பக்கத்து வீட்டுக்கு ஒரு சொல் சொன்னால் போதும், சரிவு அங்கேயே நிற்கக்கூடும்.

இன்னொரு பாடம், சறுக்கல் பற்றியது. குடியை விட்டபின் ஒரு மிடறு குடித்தவரை முழுக்க வீழ்த்துவது, 'இனி எல்லாம் போச்சு' என்ற எண்ணம் என்று உளவியலாளர் ஆலன் மார்லட் காட்டினார். படுக்கையைவிட்டு எழும்பாத ஒரு காலையும் அப்படித்தான். அது ஒரு நாள், அவ்வளவே.

போரின் காயம் தனிமனிதரோடு நிற்காது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கும் என்று யாழ்ப்பாணத்து உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தொடர்ந்து எழுதிவந்தார். அப்படியானால் மருந்தில் ஒரு பங்கும் ஊருக்குள்தான் இருக்கவேண்டும். செத்தவீட்டிலும் எட்டுச்செலவிலும் கூடியிருந்து அழ நமக்குத் தெரியும். போரில் காணாமற்போனவர்களின் வீடுகளில் செத்தவீடே நடக்காததால், அவற்றுக்கு அந்தக் கூட்டமும் கிடைக்கவில்லை.

குடியை அடியோடு விடலாம், கவலையை அப்படி விட முடியாது. ஆகவே குடிநோயாளர் சங்கத்தின் எல்லா விதியையும் அப்படியே எடுக்கவேண்டாம்; மருத்துவர் தந்த குளிசையையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். இலங்கையில் உளநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களே, அடுத்த முறை அம்மாவுக்கு எடுக்கும்போது, இன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சியைப் போய்ப் பார்த்துவரும்படியும் சொல்லுங்கள்.