பட்டியல் வந்துவிட்டது, உள்ளே ரயில் இல்லை

கைபேசியில் ரயில் நேரம் பார்க்கிறோம். வண்டி எண், பெயர், புறப்படும் நேரம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. சர்வரிலிருந்து கிளம்பும்போது அவை அத்தனையும் ஒரே நீளமான எழுத்துச் சரம். டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000-களின் தொடக்கத்தில் வரையறுத்துப் பரப்பிய ஜேசான் வடிவத்தில் அது வருகிறது. சதுர அடைப்பு பட்டியலைக் குறிக்கும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு நெளி அடைப்பும் ஒரு வண்டி.

ஜேசானுக்குத் தெரிந்த வகைகள் கொஞ்சம்தான். சரம், எண், மெய் அல்லது பொய், வெறுமை, பட்டியல், பொருள், அவ்வளவே. தேதி என்று தனியாக ஒரு வகைகூட அதில் கிடையாது. வந்தது ரயிலா, பயணியா என்று முடிவுசெய்ய வேண்டியது வாங்கும் பக்கத்து நிரல்தான்.

ஜாவா நிரல்மொழியில் இந்த இடத்தில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். 2004-இல் வந்த ஜாவா 5, 'ரயில்களின் பட்டியல்' என்று வகையோடு எழுத வழிசெய்தது. ஆனால் பழைய நிரல்களும் தொடர்ந்து ஓட வேண்டுமே! அதனால் கம்பைலர் வகையைச் சரிபார்த்துவிட்டு அழித்துவிடுகிறது. நிரல் ஓடும்போது மிஞ்சுவது வெறும் 'பட்டியல்'. ஜேசானை ஜாவா பொருள்களாக மாற்றித் தரும் கூகுளின் ஜிசான் நூலகத்திடம் அதை மட்டும் கொடுத்தால், உள்ளே என்ன வகை என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வண்டியையும் பெயர்-மதிப்பு ஜோடிகளாக அடுக்கித் தந்துவிடுகிறது. எண்களையெல்லாம் தசம எண்களாக்குகிறது. வைகை எக்ஸ்பிரஸின் 12635, 12635.0 ஆகிவிடும். அப்போது எந்தப் பிழையும் எழாது. வேறெங்கோ, திரையை வரையும் நிரல் முதல் உறுப்பை 'ரயில்' என்று எடுக்கும்போதுதான் செயலி விழும். தவறு நடந்த இடம் ஒன்று, பிழைச் செய்தி காட்டும் இடம் வேறொன்று.

இதற்கான தீர்வு மிக அழகானது. கம்பைலரின் வகை அழிப்பு எல்லாவற்றையும் தொடுவதில்லை. ஒரு கிளாஸ் எந்தத் தாய் கிளாஸிலிருந்து பிறந்தது என்ற குறிப்பு, வகை விவரத்தோடு அப்படியே கம்பைலர் உருவாக்கும் கோப்பில் தங்கிவிடும். ஆகவே ஜிசானின் 'டைப்டோக்கன்' என்ற கிளாஸுக்கு, 'ரயில்களின் பட்டியல்' என்ற வகையைக் கொடுத்து, பெயரில்லாத ஒரு வாரிசை அந்த வரியிலேயே உருவாக்குகிறோம். வரியின் கடைசியில் வெறுமையாக நிற்கும் நெளி அடைப்பு இரண்டும் அதற்காகத்தான். ஜிசான் அந்த வாரிசின் தாயை விசாரித்து வகையைத் தெரிந்துகொள்கிறது. நீல் காஃப்டர் 2006-இல் எழுதிய உத்தி இது. ஜாக்சன் நூலகத்தின் 'டைப்ரெஃபரன்ஸ்' செய்வதும் இதையே. சி ஷார்ப்பில் இந்தச் சுற்றுவழி வேண்டாம், அங்கே பட்டியலின் வகை ஓடும்போதும் அழியாது.

வகை தெரிந்துவிட்டால் எல்லாம் சரியா? இல்லை. சர்வர் ஒரு புலத்தை அனுப்பாமல் விட்டால், பெரும்பாலும் ஜிசான் முறையிடாது. அந்த இடம் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். பட்டியல் கைக்கு வந்தவுடனே, திரைக்கு அனுப்பும் முன்பே, அதைச் சரிபார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வண்டி எண்ணை எண்ணாக வைக்கலாமா என்பதையும் யோசிக்க வேண்டும். நம் சிறப்பு ரயில்களின் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை. ஜேசான் இலக்கணம் எண்ணின் முன்னால் பூஜ்யத்தை அனுமதிப்பதில்லை. சரமாக வந்ததை முழு எண்ணாக மாற்றினால் அந்தப் பூஜ்யம் போய்விடும். வண்டி எண்ணை யாரும் கூட்டப்போவதும் இல்லை, பெருக்கப்போவதும் இல்லை. 'ரயில்' கிளாஸில் அது சரமாக இருப்பதே முறை.