பாலங்காக்கும் பகைவன்

வீரனின் பெருமையைப் பாடப் புகும் காப்பியம், அவனை எதிர்ப்பவனின் வலிமையையும் குறைவறப் பாடும். மாற்றான் எளியவனாயின் வெற்றியும் எளியதாகிவிடும் என்பதைப் புலவர் பெருமக்கள் நன்கறிந்திருந்தனர். ஏட்டிலும் மேடையிலும் வாழ்ந்த இம்மரபு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடியோ விளையாட்டிலும் புகுந்தது. அங்கே ஒரு கட்டத்தின் முடிவில் வழிமறித்து நிற்கும் பெரும்பகைவனை விளையாடுவோர் 'பாஸ்' என்று அழைக்கின்றனர்.

வீடியோ விளையாட்டு என்றதும் பெரியோர் முகஞ்சுளிப்பர். அளவு மீறும்போது அவர்தம் அச்சம் நியாயமானதே. எனினும், இளைஞர் உள்ளத்தை ஒன்று இத்துணை ஆழமாக ஈர்க்குமாயின், அது எங்ஙனம் ஈர்க்கிறது என்று ஆராய்வது ஆசிரியர் கடமையாகும். அவ்வகையில் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டில் வரும் பவுசர் என்னும் பகைவனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

விளையாட்டின் அமைப்பு

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889-இல் சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாகத் தோன்றிய நின்டெண்டோ, 1985 செப்டம்பர் 13 அன்று இவ்விளையாட்டை வெளியிட்டது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இதனை வடிவமைத்தனர். உலகெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்ற இவ்விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட்டு மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இதனினும் பன்மடங்கு பெரிது.

கதை எளியது. ஆமைக் கூட்டத்தின் அரசன் காளான் நாட்டைக் கைப்பற்றி, அதன் இளவரசியைச் சிறைவைக்கிறான். குழாய்ப் பணியாளனாகிய மரியோ அவளை மீட்கப் புறப்படுகிறான். 8 உலகங்கள், ஒவ்வோர் உலகிலும் 4 நிலைகள், நான்காம் நிலை எப்போதும் ஒரு கோட்டை. மேடைக்கு மேடை தாவிச் செல்வதே ஆட்டமாதலின் இதனை 'பிளாட்பார்ம்' வகை என்பர். பகைவரின் தலைமீது குதித்து அவர்களை வீழ்த்துவதே மரியோவின் முதன்மையான போர்முறை.

பகைவனின் தோற்றம்

பவுசர் என்பது மேலைநாட்டார் வழங்கும் பெயர். ஜப்பானியர் அவனைக் குப்பா என்றே அழைக்கின்றனர். இறைச்சிச் சாற்றில் சோறிட்டு உண்ணும் ஒரு கொரிய உணவின் பெயரிலிருந்து மியாமோட்டோ இதனை எடுத்தார். உலகோரை நடுக்கும் அரக்கனுக்கு உணவின் பெயர் வாய்த்தது நகைக்கத்தக்கதே!

1960-இல் ஜப்பானில் வெளிவந்த 'சையூகி' என்னும் கேலிச்சித்திரத் திரைப்படத்தில் வரும் எருது அரசனை மனத்திற்கொண்டே மியாமோட்டோ இவனை முதலில் கற்பனை செய்தார். படைவீரர் ஆமைகளாக இருக்க, அரசனும் அவ்வினத்தானாக இருத்தலே பொருந்தும் என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. திரைப்பட ஓவியராக விளங்கிய யோய்ச்சி கொத்தாபே அவ்வுருவைச் செப்பம் செய்தார். முட்கள் நிறைந்த ஓடும், கொம்புகளும், தீயுமிழும் வாயும் கொண்ட தோற்றம் இவ்வாறு உருப்பெற்றது.

பாலத்தின்மீது ஒரு போர்

கோட்டையின் உள்ளே மரியோ செல்லும்போது, பகைவன் கண்ணுக்குப் புலனாகுமுன்னரே அவன் உமிழும் தீ திரையின் வலப்புறத்திலிருந்து பறந்து வருகிறது. ஆளைக் காட்டுமுன் அச்சத்தைக் காட்டும் இவ்வுத்தி, கைதேர்ந்த கதைசொல்லியின் உத்தியாகும்.

இறுதியில், கொதிக்கும் தீக்குழம்பின் மேல் ஒரு பாலம். அதன்மேல் முன்னும் பின்னும் உலவியும் துள்ளியும் நிற்கிறான் பவுசர். இங்கேதான் ஆட்டத்தின் நுட்பம் வெளிப்படுகிறது. அதுவரை மரியோ கற்றுவந்த போர்முறை இவனிடம் செல்லாது. அவன் தலைமீது குதித்தால் துன்பம் குதித்தவனுக்கே. ஆனால், பாலத்தின் மறுமுனையில் ஒரு கோடரி இருக்கிறது. பகைவன் எம்பிக் குதிக்கும் கணத்தில் அவனுக்குக் கீழே ஓடியோ, வாய்ப்புக் கண்டு அவனைத் தாண்டியோ அக்கோடரியைத் தொட்டுவிட்டால் பாலம் அறுபடுகிறது. பவுசர் தீயில் வீழ்கிறான். தீப்பந்தெறியும் ஆற்றலை முன்னரே பெற்று, அதனை இழவாமல் வந்தவனோ 5 பந்துகளால் அவனை வீழ்த்தலாம்.

வழியில் தவறினால் நிலை என்ன? பிற நிலைகள் பலவற்றில் இடைவழியிலிருந்து மீண்டும் தொடங்கும் சலுகை உண்டு. கோட்டைகளில் அச்சலுகை இல்லை. பாலத்தின் நடுவில் வீழ்ந்தவன் கோட்டை வாயிலிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். கையில் இருப்பவையோ தொடக்கத்தில் 3 உயிர்கள். ஆகவே அப்பாலத்தில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் பொறுப்புடைய அடியாகிறது.

பொய்யுருவும் மெய்யுருவும்

முதற் கோட்டையில் பகைவனை வீழ்த்தியவனை இளவரசி எதிர்கொள்வதில்லை. பணியாள் ஒருவன் நன்றி கூறி, இளவரசி வேறொரு கோட்டையில் இருப்பதாகத் தெரிவிக்கிறான். இவ்வேமாற்றம் 7 முறை நிகழ்கிறது. ஏனெனில் முதல் 7 கோட்டைகளில் நின்றவன் பவுசரே அல்லன். அவனைப்போல் வேடமிட்ட சிறுபகைவன். தீப்பந்தால் அவனை வீழ்த்துவோர்க்கு மட்டுமே வேடம் கலைந்து உண்மையுரு தெரியும். பாலத்தை அறுத்துக் கடந்தோர் அதனை அறியார்.

போரும் படிப்படியாகக் கடுமையாகிறது. 5-ஆம் உலகம் வரை நெருப்பு. 6, 7-ஆம் உலகங்களில் மழையெனப் பொழியும் சுத்தியல்கள். 8-ஆம் உலகில் நெருப்பும் சுத்தியலும் ஒருங்கே வருகின்றன. அவ்விறுதிக் கோட்டையோ, தவறான குழாயில் நுழைந்தவனைக் கடந்த வழிக்கே திருப்பியனுப்பும் சுழல்வழியாகும். மெய்ப்பகைவனும் இளவரசியும் அங்கேதான் இருக்கின்றனர்.

வலிமை நிற்கும் இடம்

இப்பகைவன் வீழும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. கோடரியைத் தொட்ட மரியோ பவுசரைத் தாக்கவே இல்லை. அவன் நின்ற இடத்தை அகற்றினான். 1988-இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில், மரியோவை நசுக்க எண்ணிப் பவுசர் மீண்டும் மீண்டும் குதிக்க, செங்கல் தளம் உடைந்து அவனே உள்ளே வீழ்கிறான். 1996-இல் வந்த 'சூப்பர் மரியோ 64' ஆட்டத்தில் அவன் வாலைப் பற்றிச் சுழற்றி, களத்தின் ஓரத்திலுள்ள வெடிகுண்டின்மீது எறிய வேண்டும். அவனது பேருருவின் எடையே அவனுக்குப் பகையாகிறது.

வள்ளுவர் 'இடனறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்ததன் காரணம் ஈண்டு விளங்கும். நீரில் வெல்லும் முதலை நீர்விட்டு நீங்கின் தோற்கும். வலிமை என்பது உடலில் மட்டும் இருப்பதன்று. நிற்கும் இடத்திலும் இருப்பது. பேருருவினனைச் சிறியவன் வெல்லும் செய்தி என்றதும், திருக்குர்ஆன் (2:251) சுட்டும் தாவூத் நபி (அலை) அவர்கள் ஜாலூத்தை வென்ற வரலாறு நம் நினைவுக்கு வரும். அப்புனித வரலாற்றை விளையாட்டோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அங்கே வெற்றி இறையருளால் வாய்த்தது. இங்கே நிகழ்வது மனிதன் வகுத்த ஆட்டம். ஆயினும், பேருருவைக் கண்டு மலைத்தல் வேண்டா என்னும் எண்ணம் மனித உள்ளத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை இது காட்டும்.

முடிவுரை

மாணவர்கள் பவுசரிடமிருந்து பெறத்தக்கவை மூன்று எனலாம். பழகிய வழி அடைபட்டால் முட்டி மோதாமல் வேறு வழி காணல் ஒன்று. தோற்றவிடத்து வெதும்பாமல் வாயிலிலிருந்து மீண்டும் தொடங்குதல் மற்றொன்று. பகைவன் வீழ்ந்ததனாலேயே குறிக்கோள் நிறைவேறிவிடவில்லை என உணர்தல் மூன்றாவது. மரியோ புறப்பட்டது பவுசரை வெல்வதற்கன்று, இளவரசியை மீட்பதற்கு. முதற் கோட்டையில் வென்றதாக மகிழ்ந்து நின்றுவிடுபவன் அவளைக் காண்பதே இல்லை.

தேர்வில் ஒருமுறை பெற்ற வெற்றியையே கல்வியின் முடிவெனக் கருதுவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது. விளையாட்டை உரிய நேரத்தில் முடித்துவைத்து, அது கற்பித்த பொறுமையை நூலகத்திற்கும் எடுத்துச் செல்வோமாக!