தொட்டால் ஏன் சுருங்குகிறது?

ஈரமண்ணில் தரையோடு படர்ந்து, இளஞ்சிவப்புப் பந்துபோலப் பூக்கும் இது தொட்டாற்சிணுங்கி. தாயகம் தென், நடு அமெரிக்கா. இன்று ஆனைகட்டி, அட்டப்பாடி வட்டாரத்தில் சாலையோரக் களை.

எந்தச் செல்லிலும் வெளியே இருப்பதைவிட உள்ளே கால்சியம் அயனிகள் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. செல்சவ்வின் புரதக் கால்வாய்கள் மூடியே இருக்கும். கசிந்து வந்ததைப் பம்புப் புரதங்கள் வெளியேற்றிவிடும். விரல் பட்டதும் கால்வாய்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, மின்துடிப்பு இலை நெடுக ஓடுகிறது. இலையடி மூட்டுச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகளும் அவற்றின் பின்னே நீரும் வெளியேறுகின்றன. விறைப்பை இழந்த இலை மடங்குகிறது.

இந்த மின்துடிப்பை 1900களின் தொடக்கத்திலேயே கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ஆராய்ந்தார்.

2022இல் ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கால்சியம் சேர்ந்தால் ஒளிரும் புரதம் செடியிலேயே உருவாகும்படி மரபணுவை மாற்றி, இலை நெடுக ஓடும் கால்சியம் அலையைப் படம்பிடித்தனர். கால்சியம் உயர்ந்த சுமார் 0.1 நொடியில் சிற்றிலை அசைந்தது. கால்வாயை அடைக்கும் வேதிப்பொருளைக் கொடுத்ததும் அசைவு நின்றது. மடங்காத செடிகளை வெட்டுக்கிளிகள் கூடுதலாகத் தின்றன.

ஒரு சிற்றிலையை மெல்லத் தொட்டுப் பாருங்கள். தண்டில் முள் உண்டு. இலை மீண்டும் விரியச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை தொடாதீர்கள்.