எஞ்சிய விடையும் இணைப்பின் தூய்மையும்

கணினிகள் ஒவ்வொரு வினாவுக்கும் புதிய இணைப்பை ஏற்படுத்தின் காலம் விரயமாகும். ஆதலால், 1997இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 நெறி, ஒரே இணைப்பை மீண்டும் பயன்படுத்துவதை வழமையாக்கிற்று. அவ்விணைப்பில் விடைகள் வினாக்களின் வரிசைப்படியே வரும். வினவியவர் விடையை முற்றாகப் பெறாது விலகின், எஞ்சியது அங்கேயே தேங்கும். அடுத்து வருபவர் அதனைத் தமக்குரியதெனக் கொள்வார்.

இவ்வகை வழு பிற நெறிகளிலும் உண்டு. 2023 மார்ச்சில், ரெடிஸ் தரவுச் சேமிப்பகத்துடன் தொடர்புகொள்ளும் நிரலொன்றில் இது நேர்ந்தமையால், ‘சட் ஜி.பி.ரி.’ பயனர் சிலர் பிறருடைய உரையாடல் தலைப்புகளைக் கண்டனர்.

பரிகாரம் யாது? விடை முற்றாக வாசிக்கப்பட்ட இணைப்பையே மீண்டும் வழங்குதல் வேண்டும். ஐயமுண்டாயின் மூடிவிடல் வேண்டும். சில கணங்களின் சிக்கனத்தினும் பிறர் அந்தரங்கம் பெரிதன்றோ?